பங்கில் பெயர் விடுபட்டால்

பழவேற்காட்டில் ஒரு மீனவர் கண்ணை மூடினால், அவர் விட்டுப்போவதில் மதிப்பு மிகுந்தது பல வீடுகளில் எந்தப் பத்திரத்திலும் எழுதப்பட்டிருக்காது. ஏரியில் குறிப்பிட்ட இடத்தில், தன் முறை வரும் நாளில், சுத்துவலை கட்டி இறால் பிடிக்கும் உரிமை அது. ஊர் அதைப் பாடு என்கிறது. கோட்டைக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம், ஆண்டிக்குப்பம் ஆகிய மூன்று ஊர்களும் தலைமுறைகளாக இந்த முறையைக் காத்துவருகின்றன. சீட்டுக் குலுக்கி இடம் ஒதுக்குவார்கள். நல்ல இடம் ஒருவரிடமே தங்கிவிடாது, முறை சுற்றிவரும். சீட்டில் பெயர் விழ வேண்டுமானால் ஊரின் தலைக்கட்டுக் கணக்கில் பெயர் இருக்க வேண்டும். தலைக்கட்டு என்றால் ஊருக்கு வரி கட்டும் ஆண். அப்பாவுக்குப் பின் மகன் என்பதுதான் வழக்கம். மகள் பக்கம் அது திரும்புவதில்லை.

பாடு கெட்ட ஏற்பாடு என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். வலைக்கு மேல் வலை விழாமல் ஏரியைக் காத்ததும், பணக்காரனும் ஏழையும் ஒரே குலுக்கலில் நிற்கும்படி செய்ததும் அதுதான். 2008இல் இந்த ஏரியைப் பற்றி எழுதிய ஆய்வாளர் சாரா கூல்தார்ட் போன்றவர்கள் இதன் இரண்டு பக்கங்களையும் காட்டியிருக்கிறார்கள். உள்ளே இருப்பவருக்கு அது பாதுகாப்பு. வெளியே நிற்பவருக்கு அது சுவர். பாடு உரிமையுள்ள பட்டினவர் சமூகத்தைச் சேராத மீனவர்கள், இருளர்கள், பிற்காலத்தில் வந்து குடியேறியவர்கள் என அந்தச் சுவருக்கு வெளியே நின்றவர்கள் பலர். உள்ளே பிறந்தும் வெளியே நிற்பவர்கள் அந்தந்த வீட்டுப் பெண்கள்.

சொத்தில் பங்கு கேட்கும் பெண்ணும், சின்ன வயதில் அப்பாவை இழந்த பிள்ளையும் முதலில் இடறுவது இங்கேதான். வீடு, மனை, படகு, இன்ஜின், வலை, பாடு, காப்பீட்டுப் பணம் எல்லாவற்றையும் ஒரே உட்காரலில், ஒரே பேச்சில் பெரியவர்கள் பிரித்துவிடுகிறார்கள். “பாடு ஆம்பளைக்குத்தான்” என்று தொடங்கும் பேச்சு, “அப்ப வீடும் ஆம்பளைக்குத்தான்” என்று முடிகிறது. சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு தனி விதி உண்டு. ஆகவே பங்கு மறுக்கப்பட்டவர் செய்ய வேண்டிய முதல் வேலை, கட்டிய மூட்டையை அவிழ்ப்பது.

பாட்டைப் பொறுத்தவரை ஊர்ப் பஞ்சாயத்தின் சொல்தான் நடைமுறையில் நிற்கிறது. மகனுக்கு வயது வராவிட்டால், வரும்வரை அவன் இடத்தை நிறுத்திவைக்கும்படி தாய் கேட்கலாம். அதுவரை சித்தப்பாவோ மாமாவோ அந்த முறையில் வலை கட்டினால், கிடைப்பதில் இவ்வளவு வீட்டுக்கு என்று பேசி, ஊர்க் கணக்கு நோட்டில் தேதி போட்டு எழுதிவைக்கச் சொல்லலாம். இன்னொன்றைப் பலர் கவனிப்பதே இல்லை. முறைதான் பங்குக்கு வராது. அந்த முறைக்காக வாங்கிய வலையும் கொம்பும் தோணியும் இறந்தவரின் சொந்தப் பொருள்கள். அவற்றின் மதிப்பில் மகளுக்கும் மனைவிக்கும் பங்கு உண்டு.

பதினாறாம் நாளுக்குள் ஒரு கையெழுத்து

கடற்கரை ஊர்களில் யாரும் உயில் எழுதி மகளை விலக்குவது அபூர்வம். விலக்குவது ஒரு கையெழுத்து, அல்லது ஒரு கைநாட்டு. கருமாதி முடிந்த கையோடு அண்ணன் வருகிறான். “பட்டா மாத்தணும், ஒரு கையெழுத்துப் போடு, வா” என்று பதிவு அலுவலகத்துக்கு அழைத்துப்போகிறான். பத்திர எழுத்தர் நீட்டும் தாள்களின் ஒவ்வொரு பக்கத்திலும் ரேகை விழுகிறது. போட்டோ எடுக்கிறார்கள். சார்பதிவாளர் “சம்மதமா?” என்று கேட்கிறார், அழுத கண்ணோடு இருக்கும் பெண் தலையை ஆட்டுகிறாள். அவள் கொடுத்தது விடுதலைப் பத்திரம். உள்ளே, பங்குக்கான தொகையைப் பெற்றுக்கொண்டதாகவும், இனி தனக்கோ தன் வாரிசுகளுக்கோ அந்தச் சொத்தில் எந்தப் பாத்தியதையும் இல்லை என்றும் எழுதியிருக்கும். தொகை என்று ஒரு பைசா அவள் கண்ணில் பட்டிருக்காது.

பட்டா மாற்றத்துக்கும் வாரிசுச் சான்றுக்கும் பத்திரப் பதிவு அலுவலகம் போக வேண்டிய தேவையே இல்லை. இரண்டும் வருவாய்த் துறை வேலை. இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் வட்டாட்சியரிடம் போகும். எனவே சார்பதிவாளர் அலுவலகத்துக்கு யாராவது அழைத்தால், அங்கே உரிமை கைமாறப்போகிறது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். தாளை வீட்டுக்கு வாங்கிவந்து, நம்பிக்கையான ஒருவரைக் கொண்டு முழுதாக வாசிக்கச் சொல்லிவிட்டுப் பிறகு முடிவெடுக்கலாம். துக்க வீட்டில் பதினாறு நாளுக்குள் முடித்தே ஆக வேண்டிய பத்திரம் எதுவும் கிடையாது.

ஏமாற்றி வாங்கிய விடுதலைப் பத்திரத்தை ரத்துசெய்யக் கேட்டு வழக்குப் போடலாம். ஆனால் உண்மை தெரிந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் போட வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவரிடம் வாங்கிய பத்திரம் என்றால், அதை விளக்கிச் சொல்லித்தான் வாங்கினோம் என்று காட்டும் பொறுப்பை நீதிமன்றங்கள் பயன்பெற்றவர் மேலேயே சுமத்திவந்திருக்கின்றன.

“கல்யாணத்துக்கு நகை போட்டாச்சு, சீர் செஞ்சாச்சு, இனி என்ன பங்கு?” என்ற பேச்சு எல்லா வீட்டிலும் உண்டு. சீர் கொடுத்ததால் மகளின் வாரிசுரிமை தானாக அற்றுப்போகாது. படகுக் கடனைக் காட்டிப் பங்கை மறுப்பதும் வழக்கம். கடன் இருந்தால் சொத்திலிருந்து கழிப்பார்கள். கழித்தது போக மிச்சம் பங்குக்கு வரும். வந்த சொத்தின் மதிப்புக்கு மேல் அப்பாவின் கடனுக்கு மகள் பொறுப்பாக மாட்டாள்.

ஒரே தெரு, மூன்று கணக்கு

பழவேற்காட்டில் கோயில் மணியும் பாங்கும் மாதா கோயில் பூசையும் ஒரே காற்றில் கேட்கும். வாரிசுக் கணக்கோ மதத்துக்கு மதம் மாறுகிறது. உயில் எழுதாமல் இறந்த ஒரு மீனவருக்கு மனைவி, இரண்டு மகன், ஒரு மகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம்.

கிறித்தவக் குடும்பம் என்றால் கணக்கு எளிது. 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி மனைவிக்கு மூன்றில் ஒன்று. மீதியில் மகன், மகள் வேறுபாடு இல்லை. ஆளுக்கு ஒன்பதில் இரண்டு பங்கு. பிள்ளைகள் இருக்கும்போது இறந்தவரின் தாய்க்கு இதில் பங்கில்லை. திருவிதாங்கூர்ப் பகுதிச் சிரியன் கிறித்தவப் பெண்கள் இந்தச் சமத்துவத்தைப் பெற 1986இல் மேரி ராய் உச்ச நீதிமன்றம்வரை போராட வேண்டியிருந்தது. மாதாகுப்பத்துப் பெண்ணுக்கு அது ஏற்கெனவே கையில் இருக்கும் உரிமை. ஊர் வழக்கத்தின் பேரில் அதை விட்டுக்கொடுக்கக் கூடாது.

இஸ்லாமியக் குடும்பத்தில் மனைவிக்கு எட்டில் ஒன்று. மீதியில் மகனுக்கு இரண்டு என்றால் மகளுக்கு ஒன்று. அதாவது மேற்படி வீட்டில் மகளுக்கு நாற்பதில் ஏழு. சகோதரனைவிடக் குறைவுதான். ஆனால் அந்தக் குறைந்த பங்கைக்கூட யாரும் மறுக்க ஷரீஅத்தில் இடமில்லை. வாரிசுகள் சம்மதிக்காமல் உயில் மூலம் மூன்றில் ஒன்றுக்கு மேல் யாருக்கும் எழுத முடியாது. மற்ற வாரிசுகள் சம்மதிக்காமல் ஒரு வாரிசுக்கு மட்டும் உயிலால் கூடுதலாகக் கொடுக்கவும் முடியாது.

இந்துக் குடும்பத்தில்தான் சிக்கல். சொத்து இறந்தவரின் சொந்தச் சம்பாத்தியம் என்றால் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் ஆளுக்கு நான்கில் ஒன்று. அவருடைய தாய் உயிரோடு இருந்தால் அவரும் முதல் வகுப்பு வாரிசு. அப்போது ஆளுக்கு ஐந்தில் ஒன்று. மூதாட்டியின் இந்தப் பங்கை ஊரில் கிட்டத்தட்ட யாருமே கணக்கில் சேர்ப்பதில்லை. சொத்து பூர்வீகம் என்றால் வேறு கணக்கு. அப்பா, இரண்டு மகன், மகள் என நான்கு பங்கு. அப்பாவின் நான்கில் ஒன்று மட்டும் மனைவி உட்பட நால்வருக்கும் மறுபடி பிரியும். மகளுக்குப் பதினாறில் ஐந்து, மனைவிக்குப் பதினாறில் ஒன்றே ஒன்று. ஒரே வீடு, “பூர்வீகம்” என்ற ஒரு சொல்லால் விதவையின் நான்கில் ஒரு பங்கைப் பதினாறில் ஒன்றாக்கிவிடும்.

அதனால் அந்தச் சொல்லைச் சரிபார்க்காமல் ஒப்புக்கொள்ளக் கூடாது. தாத்தா தானே சம்பாதித்து, இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்த 1956க்குப் பிறகு உயில் இல்லாமல் இறந்து, அது மகனுக்கு வாரிசாக வந்திருந்தால் அது அந்த மகனின் தனிச் சொத்து என்று சந்தர் சென் வழக்கில் 1986இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. “பாட்டன் சொத்து” எல்லாம் பூர்வீகச் சொத்து ஆகிவிடாது.

பூர்வீகச் சொத்தில் மகளுக்குப் பிறப்பால் உரிமை வந்த கதை இந்த ஏரியைப் போலவே இரண்டு மாநிலத்தில் பரந்து கிடக்கிறது. ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது. அந்தக் கரையில் 1985 செப்டம்பர் 5 முதல் திருமணமாகாத மகளுக்கு உரிமை வந்தது. தமிழகக் கரையில் அது 1989 மார்ச் 25 முதல். இரண்டிலும் அதற்கு முன் கல்யாணமான பெண்கள் வெளியே நின்றார்கள். 2005 செப்டம்பர் 9 முதல் மத்தியச் சட்டத் திருத்தம் அந்தத் தடையை நீக்கியது. பின்னும், “அப்பா 2005க்கு முன்னாலேயே இறந்துட்டாரு, உனக்குக் கிடையாது” என்று சொல்லிப் பல பெண்களைத் திருப்பி அனுப்பினார்கள். 2020 ஆகஸ்ட் 11 அன்று வினீதா சர்மா வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு அந்த வாதத்துக்கு முற்றுப்புள்ளி வைத்தது. உரிமை பிறப்பால் வருவது. அப்பா அந்தத் தேதியில் உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை.

மீனவ ஊர்களுக்கு அந்தத் தீர்ப்பின் இன்னொரு பகுதி அதைவிட முக்கியம். “அப்பவே வாய்மொழியாப் பிரிச்சிட்டோம்” என்ற வாதத்தை எளிதில் ஏற்கக் கூடாது என்றது நீதிமன்றம். 2004 டிசம்பர் 20க்கு முன் பதிவுப் பத்திரத்தாலோ நீதிமன்ற ஆணையாலோ நடந்த பிரிவினை நிற்கும். ஊர் மரத்தடியில் பேசி முடித்த பிரிவினை நிற்க வேண்டுமானால், அதைக் காட்டும் அரசு ஆவணங்கள் இருந்தாக வேண்டும். விதிவிலக்காகவே அது ஏற்கப்படும்.

தனிச் சொத்தில் மகளுக்கு 1956க்கு முன்பே இடமிருந்தது என்பதைத் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றே நிலைநாட்டியது. ஒருவர் 1938இல் நீதிமன்ற ஏலத்தில் எடுத்த நிலம். அவருக்கு ஒரே மகள். மகளும் பிள்ளையின்றி இறந்த பிறகு, தம்பியின் மகள் ஐந்தில் ஒரு பங்கு கேட்டார். அண்ணன் தம்பி வழியில் ஆணுக்கே முழுதும் போகும் என்றார்கள் எதிர்த்தரப்பினர். 1994இல் விசாரணை நீதிமன்றமும் 2009இல் உயர் நீதிமன்றமும் அந்தப் பெண்ணின் வழக்கைத் தள்ளின. 2022 ஜனவரி 20 அன்று, அருணாச்சல கவுண்டர் எதிர் பொன்னுசாமி என்ற பெயரில் உச்ச நீதிமன்றம் அவற்றைப் புரட்டிப்போட்டது. அந்தக் காலத்து இந்துச் சட்டத்திலும் தந்தையின் சுய சம்பாத்தியம், தம்பி மகனைவிட மகளுக்கே முதலில் சேரும் என்பது தீர்ப்பு. பெண்ணுக்குப் பங்கு என்பது இப்போது வந்த புதுமோகம் என்பவர்களிடம் இந்த வழக்கைச் சொல்லலாம்.

இருளர் குடும்பங்களுக்கு இந்து வாரிசுரிமைச் சட்டம் நேரடியாகப் பொருந்தாது. பழங்குடியினரை அது விலக்கிவைத்திருக்கிறது. ஆனாலும் பெண்ணை விலக்கும் வழக்கம் இருந்தது என்று நிரூபிக்காதவரை பழங்குடிப் பெண்ணுக்கும் சம பங்கு உண்டு என்று 2025 ஜூலையில் ராம் சரண் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது.

கடல் கொண்டுபோன மகனின் வீடு

முகத்துவாரத்தைத் தாண்டிக் கடலுக்குப் போகும் ஊர்களில் அப்பனுக்கு முன் மகன் போய்விடுவது நடக்கிறது. மாமனார் இருக்கும்வரை மருமகளும் பேரப்பிள்ளைகளும் அதே வீட்டில் இருப்பார்கள். அவரும் போனபின் கொழுந்தன்மார் கை ஓங்கும். இந்து மருமகள் இங்கே தளரக் கூடாது. முன்பே இறந்த மகனின் மனைவியும் பிள்ளைகளும் மாமனார் சொத்தில் முதல் வகுப்பு வாரிசுகள். அந்த மகனுக்கு வந்திருக்கும் பங்கு அவர்களுக்குச் சேரும். ஆனால் மாமனார் இறக்கும் முன்பே அவள் மறுமணம் செய்திருந்தால் அவளுக்கு அதில் இடம் உண்டா என்பதை வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். பிள்ளைகளின் பங்குக்கு ஒன்றும் ஆகாது. கிறித்தவப் பேரப்பிள்ளைகளுக்கும் அப்பாவின் பங்கு வரும். இஸ்லாமியக் குடும்பத்தில் வேறு மகன் உயிரோடு இருந்தால் பேரப்பிள்ளைக்கு வாரிசுரிமை வராது. அங்கே தாத்தாதான் உயிரோடு இருக்கும்போதே மூன்றில் ஒன்றுக்குள் உயிலாக எழுதிவைக்க வேண்டும். ஜமாத்துப் பெரியவர்கள் இதை நினைவூட்டினால் எத்தனையோ பிள்ளைகள் பிழைக்கும்.

உடல் கிடைக்காத மரணம் இன்னும் கொடியது. ஏழாண்டு தகவல் இல்லாவிட்டால்தான் இறந்ததாகக் கருதலாம் என்பது சாட்சியச் சட்டத்தின் பொது விதி. 2017 ஒக்கிப் புயலில் காணாமல்போன மீனவர்களின் குடும்பங்களுக்கு அத்தனை காலம் காக்கவைக்காமல் தமிழக அரசு நிவாரணம் கொடுத்தது. அதற்கெல்லாம் அடிப்படை, காணவில்லை என்று அன்றே காவல் நிலையத்திலும் மீன்வளத் துறையிலும் மனைவி பெயரில் பதிவான புகார். அண்ணன் தம்பி பெயரில் மட்டும் புகார் இருந்தால் பின்னால் எல்லாத் தாளும் அந்தப் பெயரிலேயே ஓடும்.

காப்பீடு, வங்கிக் கணக்கு, சங்கச் சேமிப்பு ஆகியவற்றில் நாமினியாகத் தம்பி பெயரோ அப்பா பெயரோ இருப்பது சாதாரணம். கல்யாணத்துக்கு முன் கொடுத்த படிவத்தை யாரும் மாற்றியிருக்க மாட்டார்கள். நாமினி பணத்தை வாங்கும் ஆள், பணம் வாரிசுகளுடையது. 1984இல் காப்பீட்டுப் பணத்துக்கு உச்ச நீதிமன்றம் சொன்ன இந்தக் கொள்கையை 2023 டிசம்பரில் பங்குப் பத்திரங்களுக்கும் உறுதிசெய்தது. ஆயுள் காப்பீட்டில் மட்டும் 2015 திருத்தத்துக்குப் பின் பெற்றோர், மனைவி, பிள்ளைகளை நாமினியாகப் போட்டிருந்தால் நிலைமை மாறலாம். எப்படியானாலும், உயிரோடு இருக்கும்போதே படிவத்தை மாற்றிவிடுவது ஆயிரம் வழக்கைவிட மேல்.

உயில் என்று ஒன்று வெளியே வந்தால்

சொந்தச் சம்பாத்தியத்தை விரும்பியவருக்கு எழுதிவைக்க இந்து, கிறித்தவத் தந்தைக்கு முழு உரிமை உண்டு. அதைச் சட்டத்தால் தடுக்க முடியாது. பூர்வீகச் சொத்தில் அவர் தன் பங்கை மட்டுமே எழுத முடியும். உயிலில் இரண்டு சாட்சிகள் கையெழுத்திட்டிருக்க வேண்டும்; அவர்களில் ஒருவராவது நீதிமன்றம் வந்து சொல்ல வேண்டும். பதிவு செய்யாத உயிலும் செல்லும், பதிவு செய்த உயிலும் தோற்கும். படுத்த படுக்கையாக இருந்தவர் எழுதியது, முழுச் சொத்தையும் பெறுபவரே எழுத்தரை அழைத்துவந்தது, மனைவி மக்களைக் காரணமே சொல்லாமல் விட்டது போன்ற ஐயங்கள் இருந்தால், அவற்றைத் தீர்க்கும் பொறுப்பு உயிலைக் காட்டுபவருடையது. வெங்கடாசல ஐயங்கார் வழக்கில் 1958இல் உச்ச நீதிமன்றம் வகுத்த இந்த அளவுகோலைத்தான் நீதிமன்றங்கள் இன்றும் கையில் எடுக்கின்றன.

பொன்னேரிக்குப் போகும் வழி

முதலில் வில்லங்கச் சான்று எடுக்க வேண்டும். பதிவுத் துறை இணையதளத்திலேயே பார்க்கலாம். யார் பெயரிலிருந்து யார் பெயருக்கு, எந்தத் தேதியில், என்ன பத்திரம் மூலம் போனது என்று அதில் தெரியும். அந்தப் பத்திரத்தின் நகலுக்கும் விண்ணப்பிக்கலாம். அடுத்து பட்டா. நத்தம் மனையாக இருந்தால் தாத்தா பெயரே இன்னும் இருக்கலாம், அது நல்லது. அண்ணன் தனியாகப் பட்டா மாற்றக் கேட்டிருந்தால், வட்டாட்சியருக்கு எழுத்தில் ஆட்சேபம் கொடுத்து ஒப்புகை வாங்க வேண்டும். மாற்றிவிட்டால் கோட்டாட்சியர் நிலையில் மேல்முறையீடு உண்டு. சுனாமிக்குப் பின் அரசுத் திட்டத்தில் கட்டிய வீடு என்றால் ஒதுக்கீட்டு ஆணையைத் தேடிப் பார்க்கவும். கணவன் மனைவி இருவர் பெயரிலும் கொடுக்க வேண்டும் என்பதே அன்றைய அரசின் கொள்கை. பெயர் இருந்தால் அந்தப் பாதி மனைவியுடையது, பங்குக்கே வராது. கடல் படகு என்றால் மீன்வளத் துறைப் பதிவில் யார் பெயர் என்று கேட்டு வைக்கவும். தடைக்கால நிவாரணமும் மானியமும் அந்தப் பதிவைச் சுற்றியே நடக்கின்றன.

வாரிசுச் சான்றுக்குப் பெண்ணே முந்திக்கொண்டு விண்ணப்பிப்பது நல்லது. அது உரிமைப் பத்திரம் ஆகாது என்றாலும், மகளின் பெயர் விடுபட்ட ஒரு சான்று எத்தனையோ அலுவலகங்களில் அவளுக்கு எதிராக நீளும்.

பேச்சில் தீராவிட்டால் பாகப்பிரிவினை வழக்கு. பொன்னேரி நீதிமன்ற வளாகத்தில் வட்டச் சட்டப் பணிகள் குழு இருக்கிறது. 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பேரிடரில் பாதிக்கப்பட்டோர் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமல் வழக்கறிஞரை இலவசமாகத் தருவார்கள். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். நீதிமன்றக் கட்டணத்தில் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. குடும்பச் சொத்தில் கூட்டு அனுபவத்தில் இருப்பவர் என்றால் சிறிய நிலையான கட்டணம். முற்றிலும் வெளியேற்றப்பட்டவர் என்றால் தன் பங்கின் சந்தை மதிப்புக்கு ஏற்பக் கட்டணம். எனவே வீட்டில் ஒரு அறை கையில் இருக்கும்போதே வழக்குப் போடுவதும், வெளியே தள்ளப்பட்டபின் போடுவதும் பணத்தில் ஒன்றல்ல. காலக்கெடுவும் உண்டு. கூட்டுக் குடும்பச் சொத்திலிருந்து விலக்கப்பட்டது தெரிந்த நாளிலிருந்து பன்னிரண்டு ஆண்டு. “அப்புறம் பார்த்துக்கலாம்” என்று பிள்ளைகள் கல்யாணம்வரை காத்திருந்து உரிமையைப் பறிகொடுத்தவர்கள் உண்டு.

வழக்கு நடக்கும்போதே சமரசம் வந்தால் மக்கள் நீதிமன்றத்தில் முடிக்கலாம். கட்டிய கட்டணம் திரும்பும். தீர்வுக்கு மேல்முறையீடு கிடையாது. அண்ணன் வீடு வைத்துக்கொள்ள, தங்கை பணமாக வாங்கிக்கொள்ளும் ஏற்பாட்டுக்கு இதுவே உகந்த இடம். அதே ஊரில், அதே கரையில் நாளைக்கும் முகம் பார்க்க வேண்டியவர்களுக்கு இது சிறிய விஷயமில்லை.

கடைசியாக, விலக்கப்படுபவர் எப்போதும் மகளோ மருமகளோ என்பதில்லை. கணவன் போனபின் வீட்டை மகன் பெயருக்குத் தான செட்டில்மெண்ட் எழுதிக்கொடுத்த தாய், ஓராண்டுக்குள் அதே திண்ணைக்குத் தள்ளப்படுவதும் உண்டு. 2007ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் நலச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, பராமரிப்பதாகச் சொல்லி எழுதி வாங்கிவிட்டுப் பராமரிக்காவிட்டால் அந்தப் பத்திரத்தைச் செல்லாது என அறிவிக்க வழி தருகிறது. மனுவைக் கோட்டாட்சியர் நிலையிலான தீர்ப்பாயத்தில் கொடுக்க வேண்டும். வழக்கறிஞர் இல்லாமலும் கொடுக்கலாம். ஆனால் பராமரிப்பு நிபந்தனை பத்திரத்திலேயே இருந்தால்தான் வழக்கு வலுவாக நிற்கும். ஆகவே எழுதிக்கொடுத்தே தீர வேண்டிய நிலை வந்தால், உயிருள்ளவரை அந்த வீட்டில் குடியிருக்கும் உரிமை தனக்கே என்றும், உணவும் மருத்துவச் செலவும் பெறுபவர் பொறுப்பு என்றும், தவறினால் பத்திரம் ரத்தாகும் என்றும் மூன்று வரியைச் சேர்க்கும்படி பத்திர எழுத்தரிடம் அந்தத் தாய் கேட்க வேண்டும். சேர்த்த பிறகு, அந்தப் பக்கத்தை மகன் அல்லாத ஒருவர் வாசித்துச் சொல்லக் கேட்டுவிட்டே ரேகை வைக்க வேண்டும்.